குடத்தின் வாய்

சென்ற கோடை விடுமுறையிற் பழம்பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபொழுது, யான் கல்லூரி ஓவிய வகுப்பில் வரைந்த தாள்கள் சில வெளிப்பட்டன. அவை ஓரம் மடிந்து பழுப்பேறியிருந்தன. வேப்பங்கிளை ஒன்று, விடுதி நாற்காலி ஒன்று, உடன் பயின்ற நண்பர் ஒருவரின் கை, ஒரு மண்குடம். கிழித்தெறியவே எடுத்தேன், எறிய மனம் வந்திலது. அதன் காரணத்தை ஈண்டு உரைக்க விரும்புகின்றேன்.

ஓவிய வகுப்பென்பது கைத்திறன் உடையார்க்கே உரியதென்றும், ஏனையோர்க்கு அது வெறும் பொழுதுபோக்கென்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாதென்பதே என் துணிபு. ஓவிய வகுப்பு முதற்கண் பயிற்றுவது கையை அன்று, கண்ணை. அப்பயிற்சி எல்லார்க்கும் வேண்டுவதாம்.

அம்மண்குடத்தையே சான்றாகக் கொள்வோம். எங்கள் ஆசிரியர் குடத்தை ஒரு முக்காலியின்மேல் வைத்து, அதனைச் சூழ எங்களை அமர்த்தினார். யான் அதன் வாயை முழு வட்டமாக வரைந்தேன். ஆசிரியர் அருகில் வந்து நின்று, "தம்பி, குடத்தின் வாய் வட்டமென்பது நீர் அறிந்தது. உம் இருக்கையிலிருந்து நீர் காண்பது யாது?" என வினவினார். உற்று நோக்கினேன். கண்ணுக்குத் தோன்றியது ஒடுங்கியதொரு நீள்வட்டமே. அறிந்ததை வரைந்தேனேயன்றிக் கண்டதை வரைந்தேனல்லேன். அழித்து வரைந்த தடம் இன்றும் அத்தாளில் உள்ளது.

இப்பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று, பேரறிஞர்க்கும் நேர்வதுண்டு. நரம்புகளை வெள்ளியுப்பாற் கறுக்கச்செய்து காணும் முறையை 1873-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜி. இளமையில் ஓவியராக விழைந்த ஸ்பானிய அறிஞர் ரமோன் இ காஹால், அம்முறையையே கைக்கொண்டு, நுண்பெருக்கியிற் பன்னாள் நோக்கி நோக்கி வரைந்தார். நரம்புகளெல்லாம் இடையறாத ஒரே வலையென்பது கோல்ஜியின் கொள்கை. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நிற்பதைக் காஹாலின் ஓவியங்கள் காட்டின. 1906-ஆம் ஆண்டில் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்; அந்நாளிலும் கோல்ஜி தம் கொள்கையையே வற்புறுத்திப் பேசினார். 1950-களில் மின்னணு நுண்பெருக்கி, அணுக்களின் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிக் காஹாலின் பக்கமே உண்மை நின்றதை உறுதிப்படுத்தியது.

நிற்க. யானும் இக்குற்றத்திற்குத் தப்பினேனல்லேன். பின்னாளில் யான் ஆசிரியனாயிருந்தபொழுது, எப்பொழுதும் குறைந்த மதிப்பெண் பெறும் மாணவர் ஒருவர், ஒரு தேர்வில் மிகச் சிறந்த விடை எழுதியிருந்தார். அவர் கற்கும் ஆற்றலற்றவர் என்பது யான் "அறிந்தது". ஆதலின், பார்த்தெழுதினாரென வகுப்பார் முன்னிலையிற் கடிந்துரைத்தேன். அன்று மாலை அவரை அழைத்துச் சில வினாக்கள் விடுத்தேன். ஒவ்வொன்றிற்கும் தெளிவாக விடை கூறினார். பழித்தது பலர் முன்னிலையில். பொறுத்தருளுமாறு வேண்டியதோ தனியறையில். அக்குறை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. பெட்டியிலிருந்து அக்குடம் வெளிப்பட்டவுடன் முதற்கண் நினைவிற்கு வந்தது அம்மாணவரின் முகமே.

கைப்பேசியே நொடியிற் படம் பிடிக்கும் இந்நாளில் ஓவிய வகுப்பு எதற்கு என்பாரும் உளர். கருவி நமக்காகப் பதிவு செய்யும். நம்மைப் பார்க்கச் செய்யாது. ஒரு மணிநேரம் ஒரு குடத்தின் முன் அமர்ந்து, வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்தவனே அதனைக் கண்டவனாவான்.

இனி, அத்தாள்களைப் போற்றிவைத்தலும் நம் கடமையே. பிக்காஸோ 1895-ஆம் ஆண்டில் பார்ஸிலோனா ஓவியப் பள்ளியிற் சேர்ந்து பயின்றவர். அவர் இளமையில் வரைந்த பயிற்சித் தாள்களை அவர்தம் குடும்பத்தார் பாதுகாத்தனர். அவற்றை அவர் 1970-ஆம் ஆண்டில் அந்நகரத்துக் காட்சிச்சாலைக்கே ஈந்தார். புகழ்பெற்ற பின்னும் தம் பயிற்சித் தாள்களைப் பிறர் காண அவர் நாணவில்லை. நாம் நாணுவானேன்?

ஆதலின், கலைப் பிரிவினர், அறிவியற் பிரிவினர் என்னும் வேறுபாடின்றி, எல்லா மாணவர்க்கும் வாரத்தில் ஒரு மணிநேரமேனும் ஓவியம் வரையும் வாய்ப்பைக் கல்லூரிகள் நல்குதல் வேண்டும். அவர்கள் வரைந்தவற்றுட் சிலவற்றை ஆண்டுதோறும் நூல்நிலையத்திற் சேமித்தலும் வேண்டும். பரிசு பெற்றவை மட்டும் போதா. அழித்துத் திருத்தியவையும் அவற்றுள் இருத்தல் நன்று.

என் குடம் இப்பொழுது என் மேசையின்மேல் உள்ளது. அழித்த வட்டமும் திருத்திய நீள்வட்டமும் அதில் ஒருங்கே தெரிகின்றன. ஒருவரைப்பற்றித் தீர்ப்புரைக்க வாயெடுக்குமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றேன்.