சீட் கொடுத்தால் போதுமா?

"மிலிட்டரிக்காரர் பிள்ளைக்கு என்ன குறை? கோட்டாவில் சீட் கிடைத்துவிடும், உதவித்தொகையும் வரும்." ஊரெங்கும் கேட்கும் பேச்சு இது. உண்மையை மறைக்கும் பேச்சும் இதுதான்.

கோட்டாவையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டவை 150. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் வேலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு முன்னால் 150 எந்த மூலைக்கு? பிரதமரின் கல்வி உதவித்தொகை நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5,500 பேருக்குத்தான். மாணவருக்கு மாதம் 2,500 ரூபாய், மாணவிக்கு 3,000. தகுதித் தேர்வில் 60 சதவீதம் எடுக்காதவர் விண்ணப்பிக்கவே முடியாது.

அந்த 60 சதவீதத்தை எடுக்கப் பிள்ளை எங்கே படிக்கிறது? இன்று பதான்கோட், நாளை ஜோத்பூர், பிறகு தேஜ்பூர். அப்பாவுக்கு எல்லைப் பணி வந்தால் அம்மா தனியாளாகக் குடும்பத்தைச் சுமக்கிறார். "எல்லா ஊரிலும் கேந்திரிய வித்யாலயா உண்டே" என்கிறார்கள். பாடத்திட்டம் ஒன்றாக இருக்கலாம். பழகிய ஆசிரியரும் தோழரும் கூடவே மாற்றலாகி வருவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் தமிழகத்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நியாயமான உதவி அது. ஆனால் ஊர் ஊராகப் போய் மத்திய அரசுப் பள்ளியில் படித்த சிப்பாயின் மகளுக்கு அது இல்லை.

கல்லூரிக்குள் வந்த பிறகு சோதனை கூடுகிறது. இந்தியும் சமஸ்கிருதமும் படித்து வந்த பிள்ளை, அரசுக் கலைக் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழில் அரியர் வைக்கிறது. சிப்பாய் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுவதால், பிள்ளை கல்லூரிக்குப் போகும் காலத்தில் வீட்டுக்கு வருவது பாதிச் சம்பள அளவு ஓய்வூதியம்தான். அந்த நேரத்தில் படிப்பை நிறுத்தும் பிள்ளையைத் தேடி எந்த அலுவலகமும் வருவதில்லை.

கோட்டாவைச் சலுகை என்று பொறாமைப்படுவதை விடுங்கள். சேர்க்கையின்போதே இந்தப் பிள்ளைகளை அடையாளம் கண்டு, தமிழ் அடிப்படை வகுப்பும் விடுதியில் முன்னுரிமையும் தரவேண்டும். சிப்பாய்களின் மகள்களையும் புதுமைப் பெண்ணில் சேர்க்கவேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சான்றிதழ் கொடுத்ததோடு நிற்காமல், பட்டம் வாங்கும் வரை அந்தப் பிள்ளையைப் பின்தொடர வேண்டும். நாடு முழுவதும் அப்பாவை அலையவைத்த அரசுக்கு அந்தக் கடமை உண்டு.