அவகாசம் எவருக்கு?

தமிழிலே அவகாசம் என்றால் நேரம், தவணை. மலையாளத்திலே அவகாசம் என்றால் உரிமை. திருவட்டாற்றாருக்கு இந்த வேறுபாட்டை அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு பிணைக்கப்பட்டுக் கிடந்த மண் இது! பாட்டனார் பெட்டியிலுள்ள பழைய பத்திரத்தைப் பிரித்தால் 'அவகாசி' என்ற சொல் எட்டிப் பார்க்கும். பங்குடையவன், எவர் தயவையும் வேண்டி நிற்காதவன்.

அந்தச் சொல்லைத்தான் தம் படத்தின் தலைப்பிலே ஏற்றினார் டி. வி. சந்திரன். 'பூமியுடெ அவகாசிகள்', 2012-இல் வந்தது. 1985-இல் 'ஹேமாவின் காதலர்கள்' என்ற தமிழ்ப்படம் எடுத்தவர், நமக்கு அந்நியரல்லர். 2002 குஜராத் கலவரத்தின் வடுவைச் சொல்ல அவர் எடுத்த மூன்று படங்களிலே இது கடைசி. 'கதாவசேஷன்', 'விலாபங்கள்க்கப்புறம்' ஆகியவை முந்தியவை.

குஜராத்தை விட்டுக் கேரளம் வந்த இளைஞன் ஒருவன், பாழடைந்த வீட்டிலே பூச்சி புழுக்களோடு குடியிருக்கிறான். எதையும் கொல்ல அவன் கை எழவில்லை. தலைப்பு வைக்கம் முகமது பஷீரின் புகழ்பெற்ற கதையினுடையது. பெரியார் சிறைபுகுந்த வைக்கத்துக்கு அருகே பிறந்தவர் பஷீர். 1930 உப்புப் போரிலே தாமும் சிறை சென்றவர். தோட்டத்துத் தேங்காயிலே வௌவாலுக்கும் பங்குண்டு என்று வாதாடியவர்!

மனிதன் மடிகையில் புழுவுக்குப் பரிவா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. எறும்புக்கு அரிசிமாவுக் கோலமிட்டுவிட்டு, தாழ்த்தப்பட்டவனுக்குத் தண்ணீர் மறுத்த நாடல்லவா இது! ஆனால் சந்திரனின் நாயகன் புண்ணியம் தேடவில்லை. புழுவுக்கே பங்குண்டென்றால், அடுத்த வீட்டு அப்துல்லாவை வெளியேறு என்பதற்கு நீ யார் என்று கேட்காமல் கேட்கிறான். குஜராத்திலே மாண்டோர், 2005-இல் நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்குப்படி, இசுலாமியர் 790, இந்துக்கள் 254. அவர்கள் உரிமையாகிய அவகாசத்தோடு பிறந்தவர்கள். தப்பியோடும் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

படத்திலே எனக்கொரு குறை. அகிம்சை பாழ்வீட்டுக்குள் ஒதுங்கிவிடுகிறது. நாடகமேடை அறிந்தவன் அவனைத் தெருவுக்கு அழைத்து வந்திருப்பான். தெருவிலே நின்ற அகிம்சையை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 1982 மார்ச் 1, மண்டைக்காடு! போலீசார் சுட்டதில் ஆறு உயிர்கள் போயின. பகை ஊர் ஊராய்ப் பரவியது. இந்துவும் கிறித்தவரும் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்கள். அப்போது காவியுடுத்த குன்றக்குடி அடிகளார் வந்தார். காவியைக் கண்டால் ஒரு தரப்பு மகிழும், மறுதரப்பு மருளும் என்றிருந்த வேளையிலே, இரு தரப்பாரிடமும் சென்று பேசினார், அமைதிக்காக உழைத்தார். கடவுள் மறுப்பாளரான நாம் மனமாரப் போற்றும் துறவி அவர்.

இன்றும் ஊர்க்கூட்டங்களிலே "சகித்துக்கொள்வோம்" என்று முழங்குகிறார்கள். எவரை எவர் சகிப்பது? பங்காளியைச் சகித்துக்கொள்கிறேன் என்று எவனாவது பத்திரம் எழுதுவானா?

மண்டைக்காட்டிலும் குளச்சலிலும், நம் திருவட்டாற்றிலும் இந்தப் படத்தைத் திரையிட இளைஞர் மன்றங்கள் முன்வரட்டும். பொருள் சொல்ல ஆள் தேட வேண்டாம். நம் கிழவிகளே சொல்வார்கள்.