குழந்தை அடம்பிடிக்குதா? அம்மாவையும் கவனிங்க!

'எதுக்கெடுத்தாலும் கத்துறான், அடிக்கிறான்' என டாக்டரிடம் போனால், பேச்சு குழந்தையைப் பற்றியே இருக்கும். அம்மாவின் மனச்சோர்வை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

சோர்ந்துபோன அம்மாவால் குழந்தையிடம் முகம்கொடுத்துப் பேச முடியாது. கவனம் கிடைக்காத குழந்தை இன்னும் அடம்பிடிக்கும். 'எல்லாம் என் தப்பு' என அம்மா மேலும் உடைந்துபோவார்.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுள்ள அம்மாக்களுக்கு சிகிச்சை தரப்பட்டது. 3 மாதத்தில் குணமான அம்மாக்களின் பிள்ளைகளில் (7-17 வயது), ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்த 33% பேர் அதிலிருந்து மீண்டனர். குணமாகாத அம்மாக்களின் பிள்ளைகளில் 12% பேர்தான்.

ஆனால் அம்மா குணமானதும் எல்லாக் குழந்தைகளும் தானாக மாறிவிடுவதில்லை. அதனால் அம்மாவுக்கு கவுன்சிலிங் அல்லது மருந்து, கூடவே குழந்தையைக் கையாளும் பயிற்சி என இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

உதவிக்கு: டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.