விலைக்கு வாங்கிய வெற்றியும் 76 வீழ்ச்சிகளும்

ஒரு நகரம் ஓர் இரவு மகிழ்ந்தது என்பதற்காக ஒரு பருவகாலம் முழுவதையும் வெற்றிக் காவியமாக்கிவிடலாமா?

ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் முதலாவது பருவகாலம் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் 2002 செப்டெம்பர் 8ஆம் திகதி இரவே முதலில் நினைவுகூரப்படுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில், புத்தம் புதிய அணியொன்று தன் முதல் ஆட்டத்திலேயே புகழ்பெற்ற டலஸ் கௌபோய்ஸ் அணியை 19-10 எனத் தோற்கடித்தது. 1961இல் மினசோட்டா வைக்கிங்ஸ் சாதித்ததன் பின்னர் எந்தவொரு புதிய அணியும் செய்யாத காரியம் அது. மகிழ்ச்சிக்குரியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கான விலையை யார் செலுத்தினார்கள் என்ற கேள்வியைக் கேட்க எவரும் விரும்புவதில்லை.

ஹூஸ்டனுக்கு 1960 முதலே ஒயிலர்ஸ் என்ற அணி இருந்தது. அதன் உரிமையாளர் பட் அடம்ஸ் புதிய அரங்கு கேட்டார். நகர நிர்வாகம் இணங்கவில்லை. தென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் அரங்கு கட்டித்தர முன்வந்தது. 1996 பருவகாலத்துடன் அணி மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு நெருங்கிய உறவு ஒரு கட்டடத்துக்காக அறுந்தது.

பாடம் உடனே கற்பிக்கப்பட்டது. ஹரிஸ் கவுண்டி வாக்காளர்கள் 1996 நவம்பரிலேயே, சிறு பெரும்பான்மையால், புதிய அரங்குகளுக்குப் பொதுநிதி வழங்க ஒப்புதல் அளித்தனர். 1999 ஒக்டோபரில் பொப் மக்னெயர் என்ற செல்வந்தர் 70 கோடி டொலர் கொடுத்து லீக்கின் 32ஆவது அணிக்கான உரிமையைப் பெற்றார். 35 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த ரிலையன்ற் அரங்குக்கான பணத்தில் பெரும்பகுதி விடுதி வரி, வாடகைக் கார் வரி ஆகியவற்றின் வழியே திரட்டப்பட்டது.

வெளியூர்ப் பயணிகள் செலுத்தும் வரிதானே, ஊராருக்கு என்ன நட்டம் என்று வாதிடுவோர் உளர். யாருடைய பையிலிருந்து வந்தாலும், ஊரின் பெயரால் அறவிடப்பட்ட பணம் ஊரின் பணமே. அது வேறெந்தத் தேவைக்குச் சென்றிருக்கலாம் என்று கேட்பதற்கு ஊராருக்கு உரிமை உண்டு.

இந்தப் பேரத்தின் சூத்திரம் எளியது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் சிற்றூர்க் கழகம் வென்று வென்று மேற்பிரிவுக்கு ஏறலாம். அமெரிக்காவிலோ கதவு மூடப்பட்டிருக்கிறது. அணிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர்கள் இருக்கின்ற உரிமையாளர்களே. அணி வேண்டும் நகரங்கள் எப்போதும் அணிகளை விட அதிகமாக இருக்குமாறு அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே நகரங்கள் தமக்குள் மோதுகின்றன, அரங்குகள் எழும்புகின்றன. இதனைச் சந்தைப் போட்டி என்று அழைப்பவர்கள் சந்தையை அறியாதவர்கள்.

சரி, 70 கோடி கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? விளையாடும் உரிமை கிடைத்தது. விளையாடத் தகுந்த அணி கிடைக்கவில்லை. 2002 பெப்ரவரியில் ஏனைய அணிகள் விட்டுக்கொடுக்கச் சம்மதித்த வீரர்களிலிருந்து 19 பேரை ஹூஸ்டன் தெரிந்தெடுத்தது. சம்பள உச்சவரம்பின் நெருக்கடியால் கைவிடப்பட்டவர்கள் அவர்களிடையே இருந்தனர். முதலாவதாகத் தெரிவான டோனி பொசெலி, தாக்குதலை நெறிப்படுத்தும் குவாட்டர்பேக்கைக் காத்துநிற்கும் வரிசையில் தலைசிறந்தவர். ஆனால் தோட்காயம் குணமாகவில்லை. ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டத்திலேனும் அவர் களமிறங்கவில்லை.

காவலன் இல்லாத கோட்டையில் நிறுத்தப்பட்டவர் டேவிட் கார். அவ்வாண்டின் புதிய வீரர் தெரிவில் முதலாமவர். பந்தை எறியுமுன்னரே எதிரணியினர் குவாட்டர்பேக்கைத் தரையில் வீழ்த்துவதை 'சாக்' என்பர். 16 ஆட்டங்களில் கார் 76 தடவை வீழ்த்தப்பட்டார். ஆட்டமொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து தடவை. 1986இல் ரண்டல் கனிங்ஹாம் 72 தடவை வீழ்த்தப்பட்டதே அதுவரை உச்சம். அந்தப் பருவகாலத்தில் ஹூஸ்டன் வென்றவை நான்கு, தோற்றவை பன்னிரண்டு. பிற்ஸ்பேர்க் அணியை 24-6 என வென்ற நாளில் கூட அதன் தாக்குதல் பிரிவு கடந்த தூரம் வெறும் 47 யார். மூன்று 'டச்டவுன்'களையும் தடுப்பு வீரர்களே பெற்றுக்கொடுத்தனர்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்தானே என்பர். சம்பளம் ஆட்டத்துக்கானது, பாதுகாப்பின்றி நிறுத்தப்படுவதற்கானதன்று. 2005இலும் அவர் 68 தடவை வீழ்த்தப்பட்டார். மூன்றாண்டுகள் கழிந்தும் காவல் வரிசை சீராகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 2007இல் அணி அவரை விடுவித்தது. "எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை" என்ற முத்திரை மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. காவல் வரிசையை அமைக்கத் தவறியவர்களின் பெயர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

புதிய அரங்கில் 2004 பெப்ரவரியில் சுப்பர் போல் இறுதியாட்டம் நடந்தது. டெக்சன்ஸ் அணியோ தகுதிச் சுற்றுக்கு முதன்முறை நுழைந்தது 2011 பருவகாலத்தில்தான். அணியின் பெறுமதி எழுபது கோடியிலிருந்து பல நூறு கோடிகளாகப் பெருகிவிட்டது. அந்த இலாபம் மக்னெயர் குடும்பத்துக்குரியது.

முதல் இரவின் 19-10 என்ற கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும். அதே பக்கத்தில் 76 என்ற எண்ணையும் எழுதிவைக்கும்படியே கேட்கிறேன். ஒரு நகரம் தன் பெயரைத் திரும்ப வாங்கக் கொடுத்த விலையையும், ஓர் இளைஞன் தன் உடலால் கட்டிய வட்டியையும் மறைத்து எழுதப்படுவது வரலாறு அன்று, விளம்பரம்.