புள்ளியைக் கொல்லும் பகட்டு

மெய்யெழுத்து புள்ளி பெறும் என வரையறுத்தது தொல்காப்பியம். அப்புள்ளி எழுத்தின் உறுப்பேயன்றி ஒப்பனை அன்று. ஓலையில் புள்ளி இட்டால் ஏடு கிழியுமென அஞ்சி அதனை விடுத்தனர் பண்டையோர். இன்றைய தாளுக்கும் கணினித் திரைக்கும் அவ்வச்சம் உண்டோ? எனினும், திரைப்படச் சுவரொட்டியிலும் கடைப் பலகையிலும் புள்ளியை மறைத்தும் சிதைத்தும் 'அழகு' என்கின்றனர் வடிவமைப்பாளர். புள்ளி நீங்கின் 'பல்' 'பல' ஆகும். 'கல்வி' என்னவாகும் என்பதைப் படிப்போரே உணர்க!

கேடு இத்துடன் நிற்கவில்லை. ஆங்கில எழுத்துகளை அகற்றி வைப்பதுபோல் தமிழையும் அகற்றிக் கொம்பை ஒருபுறமும் அதற்குரிய எழுத்தை மறுபுறமுமாகப் பிரிக்கின்றனர். 'கௌவை' என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக ளகரத்தை இட்டுக் 'கெளவை' ஆக்குகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் கணினிக்கு வெவ்வேறு. தேடுவார்க்குச் சொல் அகப்படாது.

ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்து பிறழ்ந்தால் அப்பலகையை வணிகர் ஏற்பரோ? தமிழுக்கு மட்டும் ஏன் இத்தாழ்வு? அச்சேறுமுன் தமிழறிந்தார் ஒருவரிடம் காட்டுதல் அத்துணை அரிதோ? தமிழர்களே, பிழைபட்ட பலகையைக் கண்டவிடத்தே கடைக்காரரை வினவுங்கள், திருத்தும்வரை விடாதீர்கள். எழுத்தைச் சிதைப்பது மொழியைச் சிதைப்பதே!