'எக்ஸ்ட்ரா' என்று யாரும் இல்லை!



ஏலம் என்றாலே நம்ம மாடம்பாக்கத்தில் எல்லாருக்கும் ஐ.பி.எல். தான் ஞாபகம் வரும். ஹாக்கியிலும் ஏலம் உண்டு! 2017-க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் தான். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சூர்மா அணி ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு மட்டும் 78 லட்சம் கொடுத்தது. மீதி 23 பேருக்கு, தலைக்கு 14 லட்சம். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம் கொடுத்தது. இரண்டு பேருக்கே 1 கோடியே 2 லட்சம்!

"பெரிய ஆளை வாங்கினாத்தானே ஜெயிக்கலாம்?" என்பீர்கள். அதுவும் உண்மைதான். அபிஷேக்கை 72 லட்சத்துக்கு எடுத்த பெங்கால் டைகர்ஸ்தான் 2025 பிப்ரவரியில் கோப்பையை வென்றது. ஆனால் அதைவிட அதிக விலை கொடுத்த சூர்மாவுக்கு மூன்றாம் இடம், டிராகன்ஸுக்கு நான்காம் இடம்.

கிரிக்கெட் மாதிரி இல்லை ஹாக்கி. ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஓடிக் களைத்தவர் வெளியே வருவார், பெஞ்சில் இருப்பவர் உள்ளே போவார். அதனால் பெஞ்சில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவர் இல்லை, பாதி ஆட்டமே அவர் கையில்! ஒரு ஸ்டாருக்காக இன்னும் 15 லட்சம் கையைத் தூக்கினால், கடைசியில் 2 லட்சம் அடிப்படை விலைக்குக் கிடைப்பவரை வைத்துத்தான் இடத்தை நிரப்ப வேண்டும்.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 10 பேரும் மாறி மாறி ஓடிப் பிரிட்டனைச் சமாளித்து, ஷூட்-அவுட்டில் ஜெயித்தார்கள். அரையிறுதியில் ரோஹிதாஸ் ஆட முடியவில்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஒரு ஆள் இல்லையென்றால் அந்த இடத்துக்கு யார் என்ற கேள்வி எல்லா அணிக்கும் ஒருநாள் வரும். அப்போது தேடினால் கிடைக்குமா?

நமக்கு ஏலமும் இல்லை, கோடியும் இல்லை. பி.டி. பீரியட் தான் நம்முடைய 4 கோடி! அதை முழுக்க நாலு நல்ல பிளேயருக்கே செலவு செய்துவிட்டு, மற்றவர்களைப் பந்து பொறுக்க விட்டால், மேட்ச் அன்று ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினால் என்ன செய்வோம்? எந்த விளையாட்டானாலும் சரி, பயிற்சி ஆட்டத்தில் 'எக்ஸ்ட்ரா' பசங்களுக்குப் பாதி நேரமாவது கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பி.டி. சாரும் கேப்டன்களும் யோசிக்க வேண்டுகிறேன்.

தனி மரம் தோப்பாகாது. சிந்திப்போம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்