கூண்டில் நின்றவர் யார்?

1998 திசெம்பர் 10ஆம் நாள். அம்ஸ்ரடாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் பார்வைக்கெட்டும் தூரம் குன்றியிருந்தது. அமெரிக்கப் பயணிகள் விமானமொன்று மேலெழும்ப ஓடுபாதையில் விரைகின்றது. எதிரே, இழுவண்டி பூட்டிய போயிங் 747 குறுக்கே செல்கின்றது! விமானிகள் கண்டு நிறுத்தியமையால் உயிர்கள் தப்பின.

அனுமதி அளித்தவர், பணியிலிருந்தவாறே பயிற்சி பெற்ற ஒரு பயிலுநர். அவரைப் பயிற்றியவர் யார்? கட்டுப்பாட்டுக் கோபுரம் முழுவதற்கும் அன்று மேற்பார்வையாளராயிருந்த அதே மனிதர்! பயிலுநரின் தோளருகே நிற்க வேண்டிய கண்களைக் கோபுரமெங்கும் அலையவிட்ட ஏற்பாடு எவருடையது? இழுவண்டி எப்பக்கத்திலிருந்து கடக்கின்றதென்பதையும் பிழையாக விளங்கிக்கொண்டனர். நிறுத்தல் விளக்குகளை இயக்கும் பலகையோ புதியது.

ஒல்லாந்தின் வழக்குத்தொடுநர் என்ன செய்தார்? பயிலுநர், பயிற்றுநர், உதவியாளர் ஆகிய மூவரையும் கூண்டில் ஏற்றினார். 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றங் கண்டது, தண்டனை விதிக்கவில்லை. தண்டிக்க மனம் வராத குற்றம் எத்தகைய குற்றம், ஐயா? குற்ற மனமின்றிக் குற்றமில்லை என்பதன்றோ சட்ட மாணவனின் முதற்பாடம்? விதிவிலக்குகள் உண்டென்பதை யானும் அறிவேன். அவ்விலக்கைப் பயிலுநன் தலையிலா ஏற்றுவது?

வழக்கின் பின் கட்டுப்பாட்டாளர் தம் தவறுகளைத் தாமே எழுதிக் கொடுப்பது குறைந்தது. குறையாதா? அழைப்பாணை காத்திருக்கையில் எவன் எழுதுவான்? ஒருவருக்கே இரு கதிரைகளைக் கொடுத்தவர்கள் மட்டும் அக்கூண்டில் நிற்கவில்லை.